என்ன முறை

தஞ்சாவூரில் அந்த அறையில் ஐந்து பேர்.
நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
"அந்தப் பையன் உங்களுக்கு என்ன முறை?"

இருபத்தொன்பது வருஷம்
இந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தியவன் நான்.
மூணாற்றுத் தலைப்பில் லஸ்கர். ஷட்டர் சாவி என் இடுப்பில்.
ஆறு நாள் கோரையாறு, ஆறு நாள் பாமணியாறு.
கடைமடைக்காரன் அழுதாலும்
மேல்மடைக்காரன் கோழி அடித்துப் போட்டாலும்
முறை முறைதான்.
மச்சான் வயல் வெடித்துக் கிடந்த தையில்
அந்தப் பக்கம் சைக்கிளையே திருப்பவில்லை.

இதற்குச் சாவி இல்லை.
விலாவுக்குக் கீழே ஒரு கைப்பிடி.
ஓ பாசிட்டிவ். அநேகமாக யாருக்கும் பாயும்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டில் ஏழு.
சம்சாரத்துக்காக இரண்டு வருஷம் போனேன்.
எங்களுக்குச் சோதனைகள் முடிவதற்குள்
அவள் முடிந்துபோனாள்.
பிறகும் போனேன், செவ்வாய், வெள்ளி. கால் பழகிவிட்டது.

முதல் கட்டில் பீர்முகமது, மூன்று பெண்கள்.
நான்காவது சந்திரிகா டீச்சர், பால்குடி மறக்காத பிள்ளை.
ஏழாவது இந்த இளம்பரிதி. அறுவடை மெஷின் ஓட்டியவன்,
அவனை நம்பி யாரும் இல்லை.
கணக்குப் போட்டால் அவன்தான் கடைசி.

அவள் வாந்தி எடுத்த ஒரு மத்தியானம்
ஒரு கையில் ஊசி குத்தியபடியே
மறு கையால் எவர்சில்வர் சட்டியைத் தாங்கிப் பிடித்தான்,
முகம் சுளிக்காமல்,
நான் டீக்கடையிலிருந்து வரும்வரை.
அவ்வளவுதான்.
இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

செய்தி பரவியதிலிருந்து
"சாப்பிட்டீங்களா" என்று டீச்சர் கேட்பதில்லை.
எதைக் கேட்டாலும்
கேட்டதாக ஆகிவிடுமோ என்று.
மச்சான் மட்டும் வாய்விட்டான்:
"நம்ம ஆளுல ஒருத்தன் கிடைக்கலையா?"
அவனைத் திட்டித் தீர்த்தேன்.
டீச்சரைத் திட்ட வழியில்லை.

ஒருவனை நோக்கி நீட்டிய கை
ஆறு பேரைத் தாண்டித்தான் போகிறது.
ஷட்டரை இறக்கிய நாட்களில் இப்படி உறுத்தியதில்லை.
இறக்கியது அரசாணை, நான் இல்லை.

பணம்? இல்லை.
வற்புறுத்தல்? இல்லை.
அப்புறம் என்ன முறை?
"முறை ஒண்ணும் இல்லைங்கம்மா" என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் வடவாற்றுப் பாலம்.
பழக்கத்தில் அளவுகோலைப் பார்த்தேன்.
மூன்றடி போகிறது,
யார் வயலுக்கென்று தெரியவில்லை.