அரைக்கட்டை

களியக்காவிளையில், ரப்பர் ஷீட் காயப்போடும் மாடியில்தான்
அந்தப் பாட்டைப் பதிந்தோம்.
எழுபத்தெட்டு, துலா மழை.
சத்தம் அமுங்கட்டும் என்று தகரக் கூரைமேல்
நனைந்த சாக்கு விரித்திருந்தேன்.
புளித்த ரப்பர்பால் நாற்றத்தில்
தபலா ரசலையன் இரண்டு தடவை
கீழே போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தார்.

பாட்டின் பெயர் ஏழரை வண்டி.
ஏழரை என்றால் சனி, எவன் வாங்குவான் என்றார்
பணம் போட்ட பாறசாலை ஜவுளிக்கடைக்காரர்.
எட்டுமணி வண்டி என்று பாடிப் பார்த்தோம்.
தாளத்தில் ஏறவில்லை.
வண்டி ஏழரைக்கே கிளம்பியது.

பாடினவள் தாசம்மை.
அண்டியாபீசில் தோல் உரிக்கிறவள்.
விரல்நுனி கறுத்து வெந்திருந்ததால்
பாட்டெழுதிய காகிதத்தை ஓரத்தில் பிடித்திருந்தாள்.
அவள் பாடியது ஐந்து கட்டை.
ஆர்மோனியத்தில் அழுத்திக் கொடுத்தவன் நான்.
இது ஒன்றுதான் எனக்கு நிச்சயம்.

ஊர் முழுக்க விளக்குப் போட்டதும்
கரண்டு இளைத்தது.
பல்பு பப்பாளிப் பழமாயிற்று.
ஸ்பூல் சற்றே சோர்ந்து சுற்றியது.
நான் கவனிக்கவில்லை.
கவனித்தேன்.
மறுபடி எடுக்க டேப் இல்லை.

சோர்ந்து பதிந்ததை
நல்ல கரண்டில் ஓட்டினால் துள்ளும்.
ஐந்து கட்டை ஐந்தரையாய்க் கேட்டது.
தாசம்மையைவிட நாலைந்து வயது சின்னவள் ஒருத்தி,
வண்டியைத் தவறவிட்டதற்கு
உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறவள் பாடினாள்.
ஜவுளிக்கடைக்காரர் தொடையில் தட்டினார்.
நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நெய்யாற்றின்கரை டுரூப்பு ஒன்று
அதை மலையாளத்தில் பாட, வண்டி தோணியானது.
துபாய்க்குப் போனவர்கள் பெட்டிக்குள்
ஊறுகாய்க்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக்கொண்டார்கள்.
ஒரு சபைக்காரர்கள் மெட்டை மட்டும் எடுத்து
வண்டியைப் பரலோகத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.
கிளாரினெட்டில் கேட்டிருக்கிறேன்,
கல்யாணத்தில் வேகமாக, அடக்கத்தில் மெதுவாக.
போன வருஷம் கொச்சிப் பையன்கள் கிடாரோடு,
தூக்கத்தில் பேசுகிறவர்கள்போல.
யாராயிருந்தாலும் ஐந்தரை.
மேலே ஏறும் அந்த வரியில்
கழுத்து நரம்பு புடைக்க எட்டிப் பிடித்து
'இதுதான் ஒரிஜினலின் உயிர்' என்கிறார்கள்.

தொண்ணூற்று மூன்றில் மார்த்தாண்டத்தில் பாட்டுப் போட்டி.
தாசம்மையும் பெயர் கொடுத்திருந்தாள்.
கேசட் அட்டையில் 'குழுவினர்' என்றுதான் போட்டிருந்தோம்,
அவளை யாருக்குத் தெரியும்?
பாடினாள், அவளுடைய ஐந்தில்.
நடுவர் மைக்கைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
'நல்ல குரலம்மா. ஆனால்
ஒரிஜினல் சுருதிக்கு இன்னும் கொஞ்சம் ஏறணும்.'
ஆறுதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

மூன்றாவது வரிசையில் இருந்தேன்.
எழுந்திருக்க ஒரு நிமிஷம் போதும்.
செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.
வெளியே, பஸ்ஸுக்கு நிற்கையில், அவளே கேட்டாள்:
'டேப்புல பாடுகாளே ஒரு பிள்ளை,
அவ ஆரு அண்ணே?
ஆனா, கொள்ளாம்.'
டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து மூடினாள்.
கேலியா என்று இன்றுவரை தெரியாது.

நேற்று திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பையன் வந்தான்.
பழைய ஸ்பூலைச் சுத்தம் செய்து
பாட்டைப் புதிதாக வெளியிடப் போகிறானாம்.
மெஷினை ஓடவிட்டேன்.
துள்ளிக்கொண்டு வந்தாள், எல்லோருக்கும் தெரிந்தவள்.
சுற்றும் சக்கரத்தின் விளிம்பில்
சுட்டுவிரலை லேசாக வைத்தேன்.
மழை கனத்தது.
தபலாவில் ரசலையனின் உள்ளங்கை தெரிந்தது.
பிறகு அவள் வந்தாள்,
பகலெல்லாம் குந்தியிருந்து உரித்த களைப்போடு,
கடைசி வண்டி நிஜமாகவே போய்விட்ட குரலில்.

'அங்கிளே, மெஷின் கேடாணு' என்றான் பையன்.
விரலை எடுக்கவில்லை.