முப்பத்தேழு

திருச்செங்கோட்டில், வேலூர் ரோட்டில்,
ரிக்கு வண்டி ஆபீசில் என் மேசை.
ஏழு வண்டி எங்களுக்கு, ஏழும் ஊரில் இல்லை.
சத்தீஸ்கரில் மூன்று, மராட்டியத்தில் இரண்டு,
மீதி இரண்டும் எங்கேயென்று
டீசல் பில் வந்தால்தான் தெரியும்.

புதுப் போன் வைத்த அன்று முதலாளி சொன்னார்,
"எல்லாமே இதுலயே இருக்குதுங்க."
இருந்தது. தொந்தரவு வேண்டாம் என்று ஒரு பொத்தான்.
அமுக்கினால் சிவப்பு எரியும்,
மறுபடி அமுக்கினால் அணையும்.
என் பேச்சை இத்தனை மரியாதையாய்க் கேட்ட பொருள்
அந்த ஆபீசில் வேறில்லை.

ஆயுத பூசை முடிந்த வாரம்
மூன்று நாள் ஒரு அழைப்பும் இல்லை.
விளக்கு அணைந்தே இருந்தது,
அதாவது நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.
பயல்கள் அசந்து கிடப்பார்கள் என்று
பழைய வவுச்சரெல்லாம் ஒட்டி முடித்தேன்.
பீரோவுக்குப் பின்னால் ஏதோ பூச்சி
விட்டு விட்டுக் கத்தியது.
அந்துருண்டை இரண்டு உருட்டிவிட்டேன்.

நாலாம் நாள் சடையப்பன்
முதலாளியின் செல்லுக்கே வந்துவிட்டான்.
அடிக்கணக்கு ஆபீஸ் நம்பரில்தான் பேசணும்,
அங்கேதான் பதிவாகும் என்பது எங்கள் சட்டம்.
"எண்ணூறு அடியிலயும் புகைதானுங்க.
நிறுத்தறதா, போறதான்னு கேக்க
நாப்பத்தொரு தடவை கூப்பிட்டேன்.
மணி அடிக்குது, எடுக்கத்தான் ஆளில்லீங்க."
ஆளில்லாததால் அவனே முடிவெடுத்து
இன்னொரு இருநூறு அடி.
ஆயிரத்திலும் புகை.
எண்ணூறுக்குத்தான் காசு என்கிறான் காட்டுக்காரன்.

இருநூறு அடி யாருடையது?
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் விளக்கைக் காட்டினேன்.

ஈரோட்டிலிருந்து நிசார் வந்தார்.
போனைத் தொடவே இல்லை.
பின்கட்டில், யூபிஎஸ் மேலிருந்த கறுப்புப் பெட்டியில்
கம்பி சொருகி மடிக்கணினியில் படித்தார்.
"போன் சொல்றது போனோடங்க, முடிவு பெட்டியோடது.
கரண்ட் போய் வந்தப்ப
பழைய ஏட்டுக்குத் திரும்பிருக்குது.
முப்பத்தேழுக்கு வர்றதெல்லாம்
நாப்பத்திரண்டுக்குத் தள்ளுன்னு அதுல இருக்குது."

அது என் பிரசவ லீவில் யாரோ போட்ட ஏடு.
மகன் இப்போது எல்கேஜி.
நாற்பத்திரண்டு செங்கோட்டுவேலு அண்ணனுடையது.
தையிலேயே கணக்கு முடித்துப் போய்விட்டார்.

நிசார் என் எண்ணைச் சுழற்றினார்.
பூச்சி கத்தியது.

நாலு பேர் பீரோவை நகர்த்தினோம்.
பில் கட்டுகளுக்கு அடியில், குப்புறக் கவிழ்ந்து,
வயர் இன்னும் சுவரில்.
பக்கத்தில் என் அந்துருண்டை.
எடுக்காத அழைப்பு அறுபத்தெட்டு என்றது திரை.
நாற்பத்தொன்று சடையப்பனுடையது.
மீதி இருபத்தேழை யாரும் கேட்கவில்லை.

ஜன்னலில் மலை தெரிந்தது.
மேலே ஒரே உடம்பில் இரண்டு பேர்.
அங்கே யார் சொல்வது நடக்கும் என்று
நான் இதுவரை யோசித்ததில்லை.

இருநூறு அடியை எங்காவது எழுதச் சொன்னார் முதலாளி.
தொலைபேசிச் செலவு என்று எழுதினேன்.
ஆடிட்டர் இன்னும் கேட்கவில்லை.

பெட்டியைத் திருத்திவிட்டுக் கிளம்பும்போது
"அந்தப் பொத்தான் இனிச் சும்மாதானுங்க,
எடுத்துடட்டுங்களா?" என்றார் நிசார்.
இருக்கட்டுமுங்க என்றேன்.

மத்தியானம் சோற்றுப் போசியைத் திறக்கும்போது
சில நாள் அமுக்குகிறேன்.
சிவப்பு எரிகிறது.
மணியும் அடிக்கிறது.