சேத மதிப்பீடு

என் தொழில் இதுதான்:
ரீகா துறைமுகத்தில் வந்து இறங்கும்
நனைந்த கோதுமை, நசுங்கிய பெட்டி,
துரு ஏறிய இரும்புச் சுருள்,
எது கெட்டது, எப்போது கெட்டது,
யார் பணம் கட்டுவது என்று எழுதிக் கொடுப்பேன்.
அழுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

திங்கள் காலை ஆறு இருபது.
வென்ட்ஸ்பில்ஸிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் விளக்கைப் போட்டேன்.
போச்மானிஸ் மேலே கிடந்தான்,
ஒருக்களித்து,
ஃபில்டர் தள்ளிய பக்கமெல்லாம் போய்க்கொண்டு.
கறுப்புத் தங்கமீன். ஒன்பது வயது.
பிதுங்கிய கண்களில் ஒன்று கூரைக்கு,
ஒன்று கூழாங்கல்லுக்கு.

சனிக்கிழமை கிளம்பும்போது
ஒரு பட்டாணியைத் தோலுரித்துப் போட்டேன்.
துப்பினான். யோசித்தான். திரும்ப விழுங்கினான்.
கடைசியாக நல்ல நிலையில் காணப்பட்டது அப்போது.

முதலில் தண்ணீரை விசாரித்தேன்.
குழாயில் ஐந்து மில்லி, சொட்டுகள், குலுக்கல்.
அம்மோனியா: மஞ்சள். அதாவது இல்லை.
நைட்ரைட்: வெளிர்நீலம். இல்லை.
வெப்பம் பத்தொன்பது.
செம்பு கலந்திருந்தால் நத்தைதான் முதலில் போயிருக்கும்.
நத்தை இருக்கிறது,
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு,
வாக்குமூலம் தர மறுத்து.

எதிர்வீட்டு ஸ்கைட்ரீட்டே எட்டிப் பார்த்தாள்.
"வயசுதான்" என்றாள்.
நாங்கள் அதை 'இயல்பான தேய்மானம்' என்று எழுதுவோம்,
காரணம் தெரியாதபோது.
குளித்தால் கண் எரிகிறது என்றும் ஏதோ சொன்னாள்.
நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளைத் தட்டில் கிடத்தி
பல்குத்தும் குச்சியால் செவுள் மூடியைத் தூக்கினேன்.
சிவந்திருக்க வேண்டியது
வெந்ததுபோல் வெளிறியிருந்தது.
எரிந்திருக்கிறான்.
தண்ணீருக்குள்ளேயே எரிந்திருக்கிறான்.

அப்புறம் ஒரே ஒரு பெயர்தான் மீதி.

விவாகரத்தில் நாங்கள் பிரிக்காமல் விட்ட சொத்து
இந்தத் தொட்டி ஒன்றுதான்.
ஞாயிறுதோறும் குன்டிஸ் தன் சாவியோடு வருவான்.
மூன்று வாளி எடுப்பான், மூன்று வாளி ஊற்றுவான்,
என் காபியைக் குடித்துவிட்டு
கோப்பையைக் கழுவாமல் போவான்.

"சொட்டு மருந்தை மறந்திருப்பாய்."
"போட்டேன், ரஸ்மா. வாளிக்கு இருபது. எண்ணித்தான் போட்டேன்."
"நீ எதைத்தான் எண்ணியிருக்கிறாய்?"
பதினோரு வருடத்தையும் அந்தக் கேள்விக்குள் திணித்தேன்.
மறுமுனையில் ஒரு டிராம் திரும்பும் கிறீச்சொலி.
பிறகு,
"இன்னும் தட்டிலா இருக்கிறான்?"
வைத்துவிட்டேன்.

புதன்கிழமை முட்டை தீர்ந்தது.
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் கடைச் சீட்டு:
முட்டை, தீப்பெட்டி, கறுப்பு ரொட்டி,
மீன் தீனி (பெரிய டப்பா).
என் கையெழுத்து.
எடுக்கும்போது கையில் புரண்டது.

குடியிருப்போர் கவனத்துக்கு.
ஞாயிறு காலை எட்டு மணி முதல்
குழாய்கள் கூடுதல் குளோரின் விட்டு அலசப்படும்.

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தது, வெள்ளிக்கிழமை.
எழுதத் தாள் இல்லையென்று
நான்தான் உரித்தேன்.
பசைநாடாவின் நான்கு துண்டும்
அதன் மூலைகளில் அப்படியே இருக்கின்றன.

அந்தத் தண்ணீருக்கு இருபது சொட்டு போதாது.
நாற்பதும் போதுமோ என்னவோ.
குளோரின் கொன்ற இடத்தில் நிற்காது,
மறுநாள் தேடினால் காற்றாகப் போயிருக்கும்.
கதவைச் சாத்திக்கொள்ளத் தெரிந்தது
நத்தைக்கு மட்டும்.

தரை இன்னும் இளகவில்லை, தோண்ட முடியாது.
உறைபெட்டியில் பட்டாணிப் பொட்டலத்தின் அருகே இருக்கிறான்.

எண்ணை அழுத்திவிட்டேன்.
மணி போகிறது.
கையில் இருக்கிற சீட்டில்
எந்தப் பக்கத்தை முதலில் படிப்பது என்று தெரியாமல்
திருப்பித் திருப்பி.