கையுறை, கம்பளி, ஒரு ஜோடி

பள்ளத்தூர் தபால் நிலையத்துக் கணினியில்
எஸ்டோனியா எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்:
எரித்ரியாவுக்கு அடுத்து.
செவ்வாய்க்கிழமைகளில் போய்வருகிறேன்.

கெர்ட்டு பதினொரு மணிக்கு வருவாள்.
மின்விசிறிக்கு நேர்கீழே நிற்பாள்.
சித்திரையிலும் பைக்குள் கம்பளி நூல்.
வரிசையில் நின்றபடியே பின்னுவாள்;
முன்னால் நிற்பவர் ஓய்வூதியத்தை
மூன்றாம் முறை எண்ணி முடிப்பதற்குள்
ஒரு கட்டைவிரல் முடிந்திருக்கும்.

இங்கே வெளிநாடு என்றால்
புருனை, அபுதாபி,
சிங்கப்பூரில் லாரியின் பின்னால் ஏறி வேலைக்குப் போகும் தம்பி.
ஆள் போவான், பணம் வரும்.
எங்கள் ஊரை வெளிநாடு என்று சொல்லிக்கொண்டு
பிழைக்க வந்தவள் இவள் ஒருத்திதான்.
வேர்க்க வேர்க்க உட்கார்ந்து
யாருடைய குளிருக்கோ பின்னுவது தொழில் என்றால்
யார் நம்புவார்கள்?
மாடியை வாடகைக்கு விட்ட சோலையப்பன்
மூன்று மாதம் மின்சார மீட்டரைச் சந்தேகித்தார்.

அலசிய கம்பளி அங்கே காய மூன்று நாள்,
இங்கே முக்கால் மணி நேரம், என்றாள் ஒருமுறை.
அதற்காகவா வந்தாய்?
வாடகைக்காகவும், என்றாள்.

சுங்கப் படிவத்தோடு அவளுக்கு நெடுநாள் தகராறு.
உள்ளிருக்கும் பொருள்: கையுறை, கம்பளி, ஒரு ஜோடி.
எடை: தொண்ணூற்று நான்கு கிராம்.
மதிப்பு:
அங்கே பேனா நின்றுவிடும்.
கூட்டி எழுதினால் வாங்குகிறவருக்கு வரி.
குறைத்து எழுதினால் தனக்கே பொய்.
"பதினேழு மணி நேரம்னு எழுதலாமா?"
ரூபாயில் எழுதுங்க, என்பேன்.

ஆடியில் ஒரு பார்சல் திரும்பி வந்தது.
பெறுநர் வீடு மாறிவிட்டாராம்.
நான்கு முத்திரை, நனைந்து காய்ந்த ஒரு மூலை.
திரும்பி வந்ததற்கும் கட்டணம் உண்டு,
அதைச் சொல்ல வேண்டியவள் நான்.
எண்ணிக் கொடுத்தாள். ரசீது கேட்டு வாங்கினாள்.
வாசற்படியிலேயே பிரித்தாள்.

அந்நேரம் பார்த்து
சம்சுகனி டிவிஎஸ்ஸை நிறுத்தினார்.
பின்னால் ஐஸ் பெட்டி, கோட்டைப்பட்டினத்துச் சீலா.
மூணு மணியிலிருந்து ஐஸுக்குள்ளேயே கிடந்த கை,
விரல் நுனியெல்லாம் ஊறிய அவல்.
ஆறு வருஷமாக அவரிடம் மீன் வாங்குகிறேன்.
மீனின் செவுளைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை.
கையுறையை ஐஸ் தண்ணீரில் முக்கினாள்,
பிழிந்து நீட்டினாள்.
"அட, நனைச்சுட்டியேம்மா!"
"எங்க ஊர் மீன்காரங்க
நனைச்சுட்டுத்தான் போடுவாங்க."

மாட்டிக்கொண்டு
பெட்டிக்குள் கைவிட்டு அப்படியே நின்றார்.
வாங்க வந்தவர்கள் பையை விரித்தபடி நின்றார்கள்.
நான் கவுன்டரில் ஆளை விட்டுவிட்டு
எட்டிப் பார்த்தேன்.
"சூடாவா இருக்கு?"
"சூடெல்லாம் இல்ல.
கை என்னோடதா இருக்கு."

எவ்வளவு, என்று கேட்டார்.
மறுபடியும் அந்தக் கட்டம்.
அவள் வாய் திறந்து மூடியது.
அவரே ஒரு சீலாவைத் தராசில் வைத்தார்,
அவள் முகத்தைப் பார்த்துவிட்டு
இன்னொன்றும் வைத்தார்.
இரண்டாவதை எடுத்து
அவள் பெட்டிக்குள் திருப்பிப் போட்டாள்.
சரி, என்றார்கள் இரண்டு பேரும்,
ஒரே நேரத்தில்.

போன வாரம் விடிகாலைப் பல்லவனில்
விசாவுக்காகச் சென்னை போனாள்.
இந்தச் செவ்வாய் வரவில்லை.
எஸ்டோனியாவைத் தொடாமலே கணினியை அணைத்தேன்.

நேற்று சம்சுகனி வேஸ்ட் பேப்பர் கேட்டார்.
தப்பாக நிரப்பிய படிவங்களைக் கொடுத்தேன்.
இன்று காலை அவற்றின் பின்பக்கத்தில்
பால்பாயிண்ட் பேனாவால் சுற்றி வரைந்த
ஐந்து பேருடைய வலது கை.
"ஏலக்காரங்க. அந்தம்மா வந்தா குடுங்க."
ஒன்றில் நடுவிரல் பாதிதான் இருக்கிறது,
அதற்கு மட்டும் ஒரு அம்புக்குறி.

இழுப்பறையில் வைத்திருக்கிறேன்,
முத்திரைக்குப் பக்கத்தில்.
திறந்தால் மீன் வாடை.