எந்த ஊரிலும் பல் விழும்

ரோசியோ சொல்லி முடிக்கும் முன்பே
சரி என்றுவிட்டேன்.
தெற்கே ஒன்பது பாலங்கள்,
ஒன்பதுக்கும் இனி அவள் கையெழுத்து.
எனக்கென்ன,
நான் பொய்ப்பல் கட்டுகிறவன்.
எந்த ஊரிலும் பல் விழும்.

அன்றைக்குச் சிரித்தோம்.
அந்தச் சிரிப்பைச் சில்லறையாக மாற்றி
ஒரு மாதம் செலவழித்தோம்.

மூன்று ஊரில் ஒன்றைப் பிடித்துக்கொள் என்றது நிறுவனம்:
தெமுகோ, வால்திவியா, ஒசோர்னோ.
பாலத்துக்குப் போடுவதுபோலவே
அவள் கட்டம் போட்டாள்.
பள்ளி எத்தனை நிமிடம்,
ராத்திரி திறந்திருக்கும் மருந்துக்கடை,
வாடகை,
பிள்ளைகள் தனியாகக் கடக்கக்கூடிய தெருக்கள்,
குளிர்காலத்து விறகுப்புகை.
எமெலினாவுக்கு இழுப்பு.
புகைக்கு மட்டும் இரட்டை மதிப்பெண்.
தெமுகோ அன்றிரவே தோற்றது,
பாவம், அதற்கு நல்ல பூங்காக்கள் இருந்தும்.

பள்ளிக்கூடங்களுக்குப் போன் செய்வது என் வேலை.
அம்மா என்ன செய்கிறார் என்றது ஒரு குரல்.
பாலப் பொறியாளர்.
அப்பா?
கூட வருகிறவர்,
என்று என் வாய் சொன்னது.
நான் அல்ல.
எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஆகஸ்டில் பார்க்கப் போனோம்.
வால்திவியாவில் மழை பக்கவாட்டில் பெய்தது.
மீன்சந்தைக்குப் பின்னால்
கடற்சிங்கங்கள் கொட்டாவி விட்டன.
வால்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு
இங்கேயே இருக்கலாம் என்று அழுதான்.
நான்கு வயதுக்காரனின் வாக்கு
எந்தக் கட்டத்திலும் சேரவில்லை.
வாடகையைக் கேட்டதும்
எங்களுக்கும் அழுகை வந்தது.

ஒசோர்னோவில் பார்க்க ஒன்றுமில்லை.
சதுக்கத்தில் ஒரு காளைச் சிலை,
பால் லாரிகள்,
மூடிக்கிடந்த ஒரு திரையரங்கு.
எமெலினாவுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது.
ஒரு ஆணிக்கடையில் கேட்டேன்.
கடைக்காரி நிமிரவில்லை,
பின்னால், இடது பக்கம், விளக்கு எரியாது,
கதவைத் திறந்தே வைச்சுக்கோ என்றாள்.
அதற்குள் வால்டோ சிமெண்டு மூட்டைமேல் தூங்கிவிட்டான்.
எழுப்பாதே என்று
அவன்மேல் தன் கோட்டைப் போட்டுவிட்டு
யாருக்கோ திருகாணி எண்ணிக் கொடுத்தாள்.
முக்கால் மணிநேரம் அந்தக் கடையில் நின்றோம்.
யாரும் எங்களை
என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

இதற்கு எந்தப் பத்தி, என்றாள் ரோசியோ
விடுதி அறையில், பென்சிலைக் கடித்தபடி.
பிறகு, தாளைப் பார்த்தே,
உனக்கென்று ஒரு பத்தி நீ கேட்கவேயில்லை.
நீயும் போடவேயில்லை.
இரண்டும் நிஜம்.
இரண்டு நிஜங்களுக்கு நடுவே
ஹீட்டர் டக் டக்கென்று ஆறியது.
கடைசியில் ஓரமாக ஒரு கோடு இழுத்தாள்,
தலைப்பில்லாமல்.
நீயே எழுது என்றாள்.
பென்சில் ஈரமாக இருந்தது.
என்ன எழுதுவது?

இரவுப் பேருந்தில்
வால்டோ திடுக்கென்று விழித்தான்.
அங்கேயும் தரை ஆடுமா அப்பா?
ஆடும்டா.
நம்ம வீட்டில் ஆடுற மாதிரியேவா?
அதே மாதிரி.
அப்போ சரி, என்று திரும்பப் படுத்தான்.

சாந்தியாகோவில் என் கடைசி வாடிக்கையாளர்
தபால்காரர் எவரிஸ்தோ.
புதுப்பற்களால் காற்றை இரண்டு முறை கடித்துப் பார்த்தார்.
உடைந்தால்?
தபாலில் அனுப்புங்கள்.
பல்லையா, என்று அவர் சிரித்த சிரிப்பில்
என் வேலைப்பாடு முழுக்கத் தெரிந்தது,
கீழ்வரிசையில் ஒன்று சற்றே முன்னால்.
அவருக்கு அப்படித்தான் இருந்ததாம்,
அப்படியே வேண்டுமாம்.

முகவரி கேட்டார்.
கடைசி வரியில் ஒசோர்னோ என்று
முதல்முறையாக என் கையால் எழுதினேன்.
முதல் எழுத்து
சரியாக வட்டம் கூடவில்லை.
எவரிஸ்தோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
போய்ச் சேரும், என்றார்.