முதல் வண்டி

மூன்று ஐம்பதுக்கு விரலைக் குத்துகிறேன்.
சமையலறை விளக்கு மட்டும்.
துளி இரத்தம், ஐந்து நொடி, ஒரு 'பீப்'.
ஒன்பது புள்ளி இரண்டு.

படுக்கும்போது ஏழு புள்ளி ஒன்று.
நடுவில் எதையும் தின்னவில்லை,
கனவில்கூட.
கனவில் வந்தது பணிமனை,
மூட மறுத்த ஒரு பின்கதவு.

குளிர்பெட்டியை உற்றுப் பார்க்கிறேன்,
திருடன் வீட்டு ஆள்தான் என்பதுபோல.

நூற்றுப் பத்து நாளாகச் சோறில்லை.
பரோட்டா இல்லை, பீகூன் இல்லை,
தே தாரிக் போய்த் தே ஓ கொசோங்.
ஈசூன் உணவங்காடியில்
"சோறு வேண்டாம்" என்று முதல் நாள் சொன்னதும்
கலவைச்சோற்றுக் கடைக்கார அம்மா
தூக்கிய கரண்டியோடு அப்படியே நின்றார்.
இப்போது தூரத்தில் பார்த்தாலே
முட்டைக்கோஸ் இரண்டு கரண்டி,
மீன் ஒரு துண்டு, குழம்பு படாமல்.
'நோ ரைஸ் அங்கிள்' என்பது என் பெயராகிவிட்டது.
சோறு குறைந்தது,
விலை முப்பது காசு கூடியது.

கோமளா ஒருநாள் பூக்கோசைத் துருவி
ஆவியில் வேகவைத்துத் தட்டில் குவித்தாள்.
ரசம் ஊற்றிப் பிசைந்தேன்.
விரல்கள் ஏமாறவில்லை.
"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.
அவளும் ஏமாறவில்லை.

நோன்பு மாதத்தில் ரோஸ்லி
பேரீச்சம்பழ டப்பாவை நீட்டினான்.
"எனக்கு முப்பது நாள். உனக்கு எப்போது பெருநாள்?"
பதில் தெரியாமல் ஒன்றை எடுத்துத்
தாளில் சுற்றிப் பைக்குள் போட்டேன்,
சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கினால் ஆகுமென்று.
அந்தப் பழம் இன்னும்
பர்ஸுக்கும் மாத்திரைக்கும் நடுவே
கல்லாகிக்கொண்டு இருக்கிறது.

பலதுறை மருந்தகத்தில் தாதி ஷ்யூ மின்
என் நோட்டைப் புரட்டினாள்.
"சத்தியமாக ஒன்றும் சாப்பிடவில்லை" என்று
அவள் கேட்காமலே சொன்னேன்.
பள்ளியில் அடி வாங்கிய பையனின் குரல்
ஐம்பத்தாறு வயதில் எனக்குள் எங்கே இருந்ததோ.

"நீங்கள் சாப்பிடவில்லை அங்கிள்.
உங்கள் கல்லீரல்.
விடியுமுன்னே அது சர்க்கரையை
இரத்தத்தில் இறக்கிவிடும்,
நீங்கள் எழுந்து நடமாட."
நோட்டின் ஓரத்தில் நீலப் பேனாவால்
ஒரு சின்ன மேடு வரைந்தாள்.
மூன்று மாதச் சராசரி இறங்கியிருக்கிறதாம்.
மாத்திரையை நானாக நிறுத்தக்கூடாதாம்.
இரவு மாத்திரையின் அளவை டாக்டர் பார்ப்பாராம்.
மேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து பத்துக்கு என் வண்டி கிளம்புகிறது.
எல்லா விளக்கும் எரிய,
எல்லா இருக்கையும் காலியாக.
முதல் நிறுத்தத்தில் ஆளில்லை.
இரண்டாவதில் ஒரு பூனை.
இருந்தும் கதவைத் திறந்து மூடுகிறேன்,
அட்டவணை அப்படி.

அப்போதுதான் தோன்றியது:
விலாவுக்கு உள்ளே ஒருவன்
எனக்கும் முன்னால் எழுந்து,
யார் ஏறுவார் என்று கேட்காமல்
நிரம்பிய வண்டியை வெளியே எடுக்கிறான்.
இருபத்தொரு வருடமாக ஒரே ஷிப்ட்.
அவனைப் போய்த் திருடன் என்றேனே.

கொஞ்சம் மெதுவாகப் போடா, என்றேன் வாய்விட்டு.
சாலையில் இன்னும் ஆளில்லை.

மூன்றாவது நிறுத்தத்தில்
துப்புரவு வேலைக்குப் போகும் ஒரு மாது ஏறினார்.
கையில் ஆவி பறக்கும் பாவ்.
அட்டையைத் தட்டினார், 'பீப்'.
கட்டைவிரல் தானாக
ஆள்காட்டி விரலின் நுனியைத் தடவியது.
வண்டிக்குள் தின்னக்கூடாதென்று
சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.
காமலைத் தாண்டும்வரை
மெல்ல மூச்சிழுத்தபடி ஓட்டினேன்.

பதினொன்றரைக்கு: எட்டு புள்ளி நான்கு.
எழுதிக்கொண்டேன்.