அடிக்கரை

யூனிஸ் மிஸ் மூன்று பேரைக் கொண்டுவந்தா,
பழைய பேப்பரில் சுற்றி.
பொய்முடி, கழுத்தில் வெள்ளைப் பட்டி,
ஆளுக்கொரு தடித்த புத்தகம்.
ஒருவர் வானத்தை அளந்தவராம்,
ஒருவர் எபிரேயம் படிப்பித்தவராம்.
மூன்றாமவரின் பெயர் இருந்த அடிக்கரையை
யாரோ சட்டத்துக்கு அளவாக வெட்டியிருந்தார்கள்.
'கண்ணாடிய மட்டும் மாத்துங்க தம்பி,
பெர்த்துக்குப் போக முதல் எடுக்கிறன்.'

இரண்டு பேரை எடுத்துக்கொண்டு போனா.
பெட்டியில் இடமில்லையாம்.

அன்றிலிருந்து அரசடியில்
என் கடைச் சுவரில் இவர்.
இடப்பக்கம் முப்பத்தோராம் நாள் படங்கள்,
வலப்பக்கம் விலைப்பட்டியல்.
வருகிறவர்கள் கேட்பார்கள்:
'ஆருட அப்பா? எப்ப மோசம் போன?'
ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

மிஸ் சொன்னது ஞாபகம்:
செப்புத் தகடு முழுவதையும் முதலில்
பல்லுள்ள உளியால் கொத்திக் கொத்திப்
புண்ணாக்குவார்களாம்.
அப்படியே மை தடவி அச்சிட்டால்
வெறும் கறுப்பு, அமாவாசை வாவி மாதிரி.
பிறகு சுரண்டச் சுரண்டத்தான்
நெற்றி வரும்,
மூக்குத் தண்டு வரும்,
கண்ணுக்குள் அரிசியளவு வெளிச்சம் வரும்.
கோடே கிடையாது.
இருட்டைக் குறைத்துச் செய்த மனிதர்.

இராமபாணப் பூச்சி அவருடைய புத்தகத்தில்
ஒரு மூலையைத் தின்றிருக்கிறது.
படித்து முடிக்கட்டும் என்று விட்டேன்.

மார்கழி மழையில் சித்தாண்டியிலிருந்து
பூரணவதி வந்தா.
பொலித்தீனுக்குள் பொலித்தீன், அதற்குள்
அடையாள அட்டை ஒன்றின் போட்டோப் பிரதி.
இலக்கமெல்லாம் தெளிவு.
முகம் இருந்த இடத்தில் மைக்கட்டி.
'இதப் பெரிசாக்கித் தாங்க மனே.
மாலை வேணாம், பல்பும் வேணாம்.
அவர் செத்தாரெண்டு இன்னும்
ஒருத்தரும் எழுதித் தரல்ல.'

பெரிசாக்கினேன்.
கறுப்புப் பெரிசாகியது.
வெளிச்சத்தைக் கூட்டினேன், கறுப்பு நரைத்தது.
கரண்ட் போய் வந்த பிறகும்
மவுசால் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.
ஒரு காது கிடைத்தது.
அதுவும் நான் போட்ட காதோ என்று சந்தேகம்.

அவ திரையைப் பார்க்கவில்லை.
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா.
'இவர் ஆரு?'
'தெரியா அம்மா. பேர வெட்டிப்போட்டாங்க.'

மழை தகரத்தில் கொட்டி ஓயும்வரை
இருவரும் பேசவில்லை.
பிறகு சொன்னா:
'காத அழிச்சிருங்க. அது அவர்ர இல்ல.
கறுப்ப அப்படியே சட்டம் போடுங்க.
பேர மட்டும் கீழ எழுதுங்க,
முழுப்பேர்.'

எழுதினேன். தகப்பன் பெயரோடு, ஊரோடு.
மட்டையை வெட்டக் கத்தி எடுத்தபோது
அடிக்கரையில்
இரண்டு விரல் கூட விட்டேன்.